எல்பா என்னிடம் திருப்பிக் கேட்டது

அன்பு மகள் ரொமினாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஸ்பெயினில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அப்பா ஆரஞ்சு பறிக்கிறேன் என்று மரமேறி முதுகைப் பிடித்துக்கொண்டு திரிகிறார், சொன்னால் கேட்பதில்லை. போனில் நீ கேட்டபோது லோக்ரோ விற்பனை நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னேன். மீதியை வாயால் சொல்லக் கூசியது, அதனால்தான் எழுதுகிறேன்.

மே இருபத்தைந்து தேசிய விழாவுக்கு வழக்கம்போல நம் ஆஸ்பத்திரிக்காக கிளப் கொட்டகையில் சோளமும் பூசணியும் இறைச்சியும் போட்டு அண்டா அண்டாவாக லோக்ரோ கொதித்தது, இந்த முறை குழந்தைகள் வார்டுக்கு ஆக்சிஜன் கருவி வாங்க. ஆஸ்பத்திரி உதவிச் சங்கத் தலைவி நான்தானே, நன்கொடை கேட்கப் போன பெண்களிடம் எல்பா சோசா வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் கணவன் ராமோன் போன குளிர்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்தான், நம்மைக் கண்டால் திட்டித் துரத்துவாள் என்று நினைத்தேன். அவளோ காலையிலேயே சைக்கிளில் பூசணிக்காய்களைக் கட்டிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஏனோ பொறுக்கவில்லை. அத்தனை பேர் நடுவில், புருஷனைக் காப்பாற்றாத ஆஸ்பத்திரிக்கு நீ எதற்கு இவ்வளவு செய்கிறாய் என்று கேட்டுவிட்டேன். பரிவோடு கேட்பதாகத்தான் நினைப்பு, ஆனால் என் குரல் எனக்கே நன்றாக இல்லை. எல்பா நறுக்குவதை நிறுத்தவில்லை. “அவரு பொழைக்கலதான் அக்கா. ஆனா நான் எலுமிச்சைத் தோட்டத்துலேர்ந்து ஓடி வர்ற வரைக்கும் அந்த நர்ஸ் பொண்ணு அவர் பக்கத்தை விட்டு நகரல. தனியா சாக விடல. அதுக்குத்தான்” என்றாள். பிறகு, “நீங்க எதுக்குக்கா செய்யறீங்க?” என்று கேட்டாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மகளே, ஆஸ்பத்திரிச் சுவர்க் கல்லில் என் பெயர், விழா மேடையில் மேயர் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி, நாளைக்கு அப்பாவுக்கு ஒன்றென்றால் நல்ல கட்டில், இவைதான் மனதில் வந்தன. இத்தனை வருடம் வசூல் செய்தவள், வார்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எல்லாரும் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உப்பு எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

போன வாரம் எல்பா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்று ஆரம்பித்ததுமே அதெல்லாம் விடுங்கள் என்று சொல்லி சூடாக மாத்தே தேநீர் ஊற்றித் தந்தாள். யாருமில்லாத நோயாளிகளோடு வியாழக்கிழமைகளில் கொஞ்சநேரம் உட்காரப் போவாளாம், என்னையும் கூப்பிட்டாள். போனேன். கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. காட்டுப்பக்கத்துக் கிழவர் ஒருவர் பாதி நினைவில் என்னைப் பார்த்து, “தங்கச்சி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?” என்றார். மாட்டின் பக்கமே போகாதவள் நான். “காட்டிட்டேண்ணே” என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார், நான்தான் அழுதேன்.

இதை உன் அத்தையிடம் சொல்லாதே, ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடு. மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
நெலிடா