நாலு மாத அழுக்கு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவுடைய பதினேழு ரயில் பெட்டிகளும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே மாதிரி சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா? போன தடவை போனில் அது இருமியது இன்னும் என் காதிலேயே நிற்கிறது, வெந்நீர் கொடு, ஐஸ்கிரீமைக் கண்ணில் காட்டாதே. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்வார், பாதியில் எனக்கே என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிடும். தவிர, உங்கம்மா எஞ்சினைக் கொன்னுட்டா என்று போன வியாழக்கிழமை உன்னிடம் சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நீ நாலு தடவை கூப்பிட்டாய், நான்தான் எடுக்கவில்லை, கையெல்லாம் கரி. கொலைகாரி பக்கத்து நியாயத்தையும் நீ கேட்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம், அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த வினைக்கு விதை போட்டவள் நீ. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக மேலேயும் கீழேயும் போய் வந்த மனிதர் ரிட்டயர் ஆனதும் கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்தாயோ என்னவோ, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரயில் எஞ்சின் ஒன்றை, அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு, ஒரு சாண்கூட இருக்காது, பஞ்சுப் பெட்டியில் வைத்து அனுப்பினாய். எஞ்சின் வந்தால் ஓடத் தண்டவாளம் வேண்டாமா, தண்டவாளம் போட்டால் நிற்க ஸ்டேஷன் வேண்டாமா, ஸ்டேஷன் வந்தால் சுற்றி ஊர் வேண்டாமா? இப்போது உன் அறையில் உன் கட்டிலுக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே மலை, மலைக்குள்ளே சுரங்கம். உன் அத்தை வந்து இரண்டு நாள் தங்கினபோது அந்த மலைக்கு அடியில்தான் படுத்தார், காலையில் எழுந்தவர் நெற்றியை மலையில் இடித்துக்கொண்டு அம்மா என்று அலறினார், அப்பா பதறி ஓடி வந்து மலையைத் தடவிப் பார்த்தார். கூடப்பிறந்த தங்கை, நெற்றி எலுமிச்சங்காய் மாதிரி வீங்கியிருக்கிறது, இவர் மலையில் புல் உதிர்ந்துவிட்டதா என்று பார்க்கிறார்!

அது மட்டுமில்லை, அந்த அறையில் எப்போதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, அக்டோபர் மாதம். மறு வருடம் ஜனவரியில் பிரிட்டனில் அரசாங்கம் ரயில் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கிவிட்டதாம், அதனால் அதற்கு அப்புறம் வந்த எதற்கும் அங்கே இடமில்லை. ஒரு நாள் தூசி தட்டப் போன நான் என் கைப்பேசியைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டேன், நாப்பத்தேழுல இது கிடையாது என்று எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் மட்டும் நாற்பத்தேழில் இருந்தேனா என்று கேட்டேன், அவர் பிளாட்பாரத்தை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிப் பைத்தியம் உன் அப்பாவுக்கு மட்டும்தான் என்று நினைக்காதே, இவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. தலைவர் நம் பல் டாக்டர்தான், என் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டாரே, அவர். வருடத்துக்கு ஒரு முறை நூலகக் கட்டிடத்து ஹாலில் கண்காட்சி வைப்பார்கள். நாலு வருடமாக அப்பாவுக்கு அதில் நாற்காலி எடுத்துப் போடும் வேலை, எஞ்சினை மேஜையில் வைக்க ஆசைப்பட்டு இரண்டு தடவை கொண்டுபோய்க் காட்டியும், கடைப் பெட்டியிலிருந்து இப்பதான் இறங்கின மாதிரி இருக்கே சார் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா அப்போது என்னிடம் அதைச் சொல்லவில்லை, வந்து படுத்துக்கொண்டார், தலைவலி என்று, இப்போதுதான் டாக்டர் சொல்லித் தெரிந்தது. இந்த வருடம் நடு மேஜைக்குப் போர் முடிந்த வருடங்கள் என்று தலைப்பு, டாக்டர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்காக அப்பா நாலு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பெயின்ட் அடித்தார். பெயின்ட் என்றால் அழகாக்க என்றுதானே யாரும் நினைப்பார்கள், நீயே சொல்.

வியாழக்கிழமை காலை அவர் பசை வாங்கப் போனார், அவசரத்தில் கதவைத் திறந்தே போட்டுவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், ஐயோ, நீ ஆசையாக அனுப்பின எஞ்சின் சுடுகாட்டில் கிடந்து எடுத்த மாதிரி இருக்கிறது. உடம்பெல்லாம் கரி, சக்கரமெல்லாம் துரு, தண்ணீர் ஊற்றும் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஒழுகல். மறுநாள் டாக்டர் வருகிறார், இதையா காட்டுவது? இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி அடுக்கினவள் நான், ஒரு கத்திரிக்கோலில் ஒரு பொட்டு இருந்தால் தலைமை நர்ஸ் ட்ரேயோடு திருப்பி அனுப்புவாள், என் கண் அப்படிப் பழகின கண். அடியில் இரண்டே திருகு, கழற்றி மோட்டாரைத் தனியாக வைத்துவிட்டு, மேல்கூட்டை ஸ்பிரிட்டும் பஞ்சும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு ஒரு மணி நேரம் துடைத்தேன். கிளிப்பச்சையாக ஜொலித்தது, பக்கத்தில் இருந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தும் தங்கமாக மின்னியது. மறுபடி பூட்டி, நடு ஸ்டேஷனில் நிறுத்தி, மனிதர் வந்து மெச்சிக்கொள்வார் என்று டீ போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

வந்தார், பார்த்தார், பசைப் புட்டியைக் கீழே வைத்தார். இது யாரோடது என்று கேட்டார். நம்மளோடதுதான், முகம் கழுவி விட்டிருக்கேன் என்றேன். நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு மாசம், நாலு மாச அழுக்கு என்றார், அவ்வளவுதான் வந்தது. அப்புறம்தான் ஒரு புத்தகத்தைத் திறந்து அந்த எஞ்சினின் நிஜப் படத்தைக் காட்டினார். போர் முடிந்து எஞ்சின் கழுவ ஆள் கிடைக்காத காலமாம், அழுக்கு இல்லாவிட்டால் அந்த வருடமே இல்லையாம், ஒற்றை மயிர் பிரஷை வைத்து ஒவ்வொரு ஒழுகலையும் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தாராம். கழுவ ஆள் இல்லாத ஊருக்கு எழுபது, எண்பது வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, நல்ல வேளை அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவர் சொன்னார், நான் சரி பண்ணின லிஃப்டு ஓடினா யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க, நின்னாதான் திட்ட வருவாங்க, ஒரு தடவையாவது நான் செஞ்சதை நாலு பேர் நின்னு பார்க்கணும்னு நெனச்சேன் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது மகளே. நாலு வருடம் அந்த ஹாலில் நாற்காலி போட்டவர் மனதில் இது இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அதற்கப்புறம் உனக்கு அந்த ஒரு போன், பிறகு பேச்சே இல்லை. சாயங்காலம் சமையலறைக் கதவில், சாப்பிட வரமாட்டேன் என்பதற்கு அப்பா ஒரு சீட்டு ஒட்டியிருந்தார், இன்று இரவு உணவு சேவை ரத்து, பயணிகளுக்கு ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்தவில்லை என்று. நான் அதற்குக் கீழே, தாமதமாக வரும் வண்டிகளுக்குத் தட்டு மூடி வைக்கப்பட்டுள்ளது என்று எழுதி வைத்தேன். காலையில் தட்டு காலி. சரி, கோபம் வயிறு வரைக்கும் போகவில்லை என்று தைரியம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை உள்ளே போனேன். கறுப்புப் பெயின்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தேன், பார்த்ததும் மனசுக்குள் ஒன்று பளிச்சென்றது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, சொல்லிவிட்டேன். ஏங்க, கோவிச்சுக்காதீங்க, உங்க அழுக்கு தப்பு என்றேன். நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! சொன்னதைச் சொல்லி முடிப்போம் என்று, நான்தானே அதைத் துடைச்சேன், சுவத்துக்கு வெள்ளை அடிச்ச மாதிரி எல்லா இடத்திலயும் ஒரே அளவா வந்துச்சு, அழுக்கு அப்படி வராது, மூட்டுலயும் திருகைச் சுத்தியும் போய் ஒளிஞ்சுக்கும், கை படற இடத்துல நிக்கவே நிக்காது என்றேன். அழுக்கை எதிர்த்து இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு அதன் குணம் தெரியாதா? கறுப்புப் பெயின்ட்டை மூடி வைத்தார். பிறகு பிரஷை என் பக்கமாகத் தள்ளினார்.

எட்டரை மணிக்கு உட்கார்ந்தோம். மெழுகுவர்த்திக் கரி, பென்சில் தூள், பால்கனிக் கம்பியில் சுரண்டின துரு, ஒழுகலுக்குச் சாக்பீஸ், எல்லாவற்றையும் என் பழைய பவுடர் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு இங்க, இங்க என்றார், அங்கே வராது என்று நான் அதட்டினேன். டிரைவர் பிடித்து ஏறுகிற கைப்பிடியையும் கால் வைக்கும் படியின் விளிம்பையும் மட்டும் துடைத்துப் பளபளப்பாக விட்டேன். பன்னிரண்டரைக்கு முடிந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படித் தோளோடு தோள் உட்கார்ந்து நாலு மணி நேரம் பேசியதில்லை.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். சட்டைப்பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்து எஞ்சினுக்கு அடியில் விட்டுப் பார்த்தார், ஆ காட்டச் சொல்லாத குறைதான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஸ்கூல் பிள்ளை மாதிரி நிற்கிறார், நான் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நிற்கிறேன். கடைசியில் டாக்டர் கைப்பிடியைத் தொடாமல் விரலால் காட்டி, டிரைவர் இப்பதான் இறங்கி டீ குடிக்கப் போன மாதிரி இருக்கு சார், நடு மேஜை உங்களுக்குத்தான் என்றார். அப்பா சந்தோஷத்தில் அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார் என்று பார்த்தால், அந்த அழுக்கு என் வொய்ஃப் பண்ணது சார் என்று கதவைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டார். பவுடர் பஞ்சோடு பிடிபட்டேன்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், இப்போது நம் சாப்பாட்டு மேஜையில் சங்கத்து எஞ்சின்கள் ஏழு வரிசையாக நிற்கின்றன, எல்லாம் என் கையால் அழுக்கு ஏற்றிக்கொள்ள வந்தவை. டாக்டரும் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அதிகமாக வேண்டாம், மிதமாக என்று சீட்டு வேறு. நேற்று அப்பா கைக்குட்டையால் ஒன்றின் மேல் தூசி தட்டப் போனார், தொட்டீங்கன்னா தெரியும் என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்து, பிறகு சிரித்து, இப்ப யாருக்குப் பைத்தியம் என்று கேட்டார். உன் அறையைக் காலி செய்யச் சொல்லி உன்னைவிட்டு அவரிடம் சொல்ல வைக்கலாம் என்று போன வாரம் வரைக்கும் திட்டம் வைத்திருந்தேன், அதை மறந்துவிடு. நீங்கள் வரும்போது எங்கள் அறையில் படுங்கள், நாங்கள் மலைக்கு அடியில் படுத்துக்கொள்கிறோம், எனக்கு எழும்போது குனியத் தெரியும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, எதைப் பார்த்தாலும் எடுத்துத் துடைத்து வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு, அவரிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவை.

கண்காட்சியில் எஞ்சினுக்குக் கீழே வைக்கிற அட்டையை அப்பா எழுதி, நான் பார்க்கக்கூடாது என்று புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார், நான் பார்த்துவிட்டேன். எஞ்சின் தந்தது மகள், தண்டவாளம் போட்டது நான், நாலு மாத அழுக்கை நாலு மணி நேரத்தில் ஏற்றியது என் மனைவி என்று எழுதியிருக்கிறார். பார்க்காத மாதிரியே இருக்கப் போகிறேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள், குட்டிக்கு எங்கள் இருவர் முத்தமும். ஒன்று மட்டும் மறக்காதே, வந்ததும் அப்பாவின் எஞ்சினைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே, என்னப்பா இவ்வளவு அழுக்கு என்று கேள், அவர் முகத்தை அப்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கை முழுக்கக் கரியோடும் மனசு முழுக்க ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா