உன் படத்தைப் பார்த்துவிட்டேன், செல்வா

என் ஆசை மச்சான் செல்வாவுக்கு,

உன் படம் நம் ராபர்ட்சன்பேட்டை கொட்டகைக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்தேன். நீ எழுதிய முதல் படம், நீ இல்லாமல் வந்த படம். திரையில் உன் பெயர் வந்தபோது உங்கள் ஸ்கெலட்டன் பகுதி ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து நிற்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நாம் பேசாமல் இருந்தது இங்கே யாருக்கும் தெரியாது. மாசியில் உன் உடலைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது, உயிர் சிநேகிதன் என்று என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். ஐந்து மாதமாக உன் போனை எடுக்காதவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

என் கோபம் உனக்குத் தெரியும். சோடாபுட்டிக் கண்ணாடி, பெண்களைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் நாக்கு, பெங்களூரு ரயில் தினமும் எத்தனை நிமிஷம் லேட் என்று நோட்டுப் போட்டு எழுதும் கிறுக்கு, எல்லாம் என்னுடையவை. அத்தனையையும் ஒரு கதாநாயகனுக்கு மாட்டிவிட்டு, காதல் காமெடி என்று போனில் படித்துக் காட்டினாய்.

"எம் மானத்த கொட்டாயில ஓட்டப் போறியாடா?" என்று கத்தினேன்.

"உன்னப் பாத்து சிரிக்க இல்ல மச்சான். உனக்கு ஒருத்தி கெடைக்கணும்னுதான் எழுதிகினு இருக்கேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

கோமதி விஷயத்தை உன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். அவள் அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரயிலில் என் பக்கத்து சீட்டைக் காட்டி, "இங்க யாரும் வாராங்களா?" என்று கேட்டாள். எனக்குக் காது அடைத்துப்போய் "இன்னா?" என்றேன். நமக்கு அது வெறும் "என்ன". அவளுக்கு அது சண்டைக்கு இழுப்பது மாதிரி பட்டிருக்கிறது. விருட்டென்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷமாக அதே ரயிலில்தான் போகிறோம். ஒரு நாளாவது விளக்கிச் சொன்னேனா?

படத்தில் அந்த இடம் வந்தது. சென்னையில் தியேட்டரே அதிர்ந்த காட்சியாம். நம் கொட்டகையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர், "இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு கோச்சிகினு போவுது?" என்று பக்கத்து ஆளிடம் நிஜமாகவே கேட்டார். "அதான் எனக்கும் புரியல" என்றார் அவர். பெரிய எழுத்தாளன்டா நீ, உன் ஜோக் உன் ஊரிலேயே படுத்துவிட்டது.

நான்கு வரிசை முன்னால் ஒரே ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். கோமதி. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள்.

இடைவேளைக்குப் பிறகுதான் நீ என்னைச் சாகடித்தாய். கதாநாயகனுக்கு ஒரு ஓட்டைவாய் சிநேகிதன். அது நீ. அவன் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வருகிறான். வாசலில் கதாநாயகனின் செருப்பு கிடக்கிறது. "அண்ணன் வீட்ல இல்ல" என்கிறாள் தங்கை. அவன் போகாமல் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிறது.

பொங்கலுக்கு நீ மைசூர் மைன்ஸ் பகுதியில் எங்கள் வாசலுக்கு வந்தாய். என் செருப்பு வெளியேதான் கிடந்தது. நான் உள்ளே நின்றுகொண்டு, இல்லையென்று சொல்லச் சொல்லித் தங்கச்சியை அனுப்பினேன். "சரிம்மா, நான் வந்தேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய். ஐந்து வாரத்தில் மாரடைப்பு. முப்பத்தி நாலு வயசு.

அந்தக் காட்சியை எழுதி வைத்துவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தாயா? இல்லை, திரும்பிப் போய் எழுதினாயா? இதை நான் யாரைக் கேட்பேன்?

படம் விட்டதும் கோமதி நேராக என்னிடம் வந்தாள். "அது நீங்கதான?" என்றாள். தலையாட்டினேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்கன்னு ஒரு மாசத்துலயே தெரிஞ்சு போச்சு. பொறவு வந்து ஒக்கார எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் தயங்கி, "அந்தக் கதவு சீனும் நெசமா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. நெஜத்துல நான் தொறக்கல" என்றேன்.

அவளிடம் நான் ஒழுங்காகப் பேசிய முதல் வார்த்தை அதுதான், மச்சான். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவங்க அம்மாட்ட சொல்லிட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் அம்மா காத்திருக்கிறார்கள். "வருஷம் திரும்பாம நான் கொட்டாயிக்கு வரக் கூடாது நைனா. நீ பாத்துட்டு வந்து ஒண்ணு வுடாம கதைய சொல்லு" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்கள். "பொங்கலுக்கு வந்தவன் இன்னாத்துக்கு அன்னிக்கே ஓடிட்டான்? நான் இன்னா கொற வச்சேன்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தன் மேல்தான் குறை என்று நினைக்கிறார்கள், செல்வா. இந்த வாரத்தில் இரண்டு முறை உங்கள் தெரு முனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

கோமதி தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

நாளைக்குக் காலையில் போகிறேன். கதையை ஒன்று விடாமல் சொல்வேன். படத்தில் நடந்ததையும் சொல்வேன், என் வீட்டில் நடந்ததையும் சொல்வேன். குறை உங்களிடம் இல்லையம்மா, என்னிடம்தான் என்று சொல்வேன். வெளியே போடா என்றால் போவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருவேன்.

சத்தியமாக,
உன் மச்சான்,
சம்பத்