ஆனி மாதத்து விளக்கீடு

இன்று காலை டிரையரைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூடான பருத்தி மணம் உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினால், எதிரே புதிதாக வந்திருக்கும் பெண் நிற்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் விரிப்பை உதறும்போது உங்களைப்போல் வேண்டுமென்றே சுண்டி இழுத்து என்னைத் தடுமாற வைத்துச் சிரிக்க அவளுக்குத் தெரியாது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. இந்த முதியோர் இல்லத்தின் சலவை அறையில் உங்கள் ஏப்ரன் இன்னும் அதே கொக்கியில் தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நீங்கள் மதுரை. எஞ்சினியர் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த உங்கள் கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணம். எனக்கும் என் சின்னஞ்சிறு மகளுக்கும் இங்கே தங்க அனுமதி கிடைத்திருந்தது. என் கணவர் விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். மத்தியானம் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், "உங்க குழம்பு இருந்தா ஹீட்டரே போட வேணாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுவீர்கள்.

அந்த வருடக் கார்த்திகையில் நான் செய்த கூத்தை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, ஊரில் செய்வதுபோலவே மாலை ஆறு மணிக்கு வாசல் படியில் விளக்கீட்டுக்கு, நீங்கள் சொல்கிற கார்த்திகை தீபத்துக்கு, அகல் வைத்தேன். பூமியின் தென்கோடியில் கிடக்கும் இந்த ஊரில் கார்த்திகை என்றால் கோடை. எட்டரை மணிவரை வெயில். சுடர் இருப்பதே தெரியவில்லை. திரி கருகுவதை வைத்துத்தான் எரிகிறது என்று நம்ப வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் எட்டிப் பார்த்தாள், பகல்தானே அம்மா என்று இங்கிலீஷில் சொன்னாள், விளையாடப் போய்விட்டாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "நானும் அதேதான் பண்ணேன். எண்ணெய்தான் வேஸ்ட்."

அடுத்த ஆண்டு பங்குனியில், கோடை முடிகிற வழக்கப்படி, ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பினார்கள். அதன் பிறகு மாலை நாளுக்கு நாள் தேய்ந்தது. சித்திரையில் ஐந்து மணிக்கு வேலை முடித்து வரும்போது முகத்தில் வெயில் இருந்தது. வைகாசி கடைசியில் பஸ் நிறுத்தத்தில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. காலையில் மகளை எழுப்பும்போதும் இருட்டு. நான் எப்போது வெயிலைப் பார்த்தேன் என்றே நினைவில்லாத வாரங்கள் அவை. என் கணவரின் விசாவை இரண்டாம் தடவையும் மறுத்த கடிதம் அப்போதுதான் வந்தது.

தேநீர் வேளையில் உங்களிடம் சொன்னேன். "எனக்கு இனி ஏலாது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகப் போறன்."

"அங்க நிலைமை எப்படின்னு நீங்கதானேங்க சொன்னீங்க. ராத்திரி கதவைத் தட்டினா யாரை இழுத்துட்டுப் போவாங்கன்னு தெரியாதுன்னு."

"ஓம், சொன்னனான்தான். எண்டாலும் மூண்டு பேரும் ஒண்டா இருப்பம். நடக்கிறது நடக்கட்டும்."

திரும்பிப் போனால் இங்கே கிடைத்த அனுமதியும் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். அடுத்த திங்கட்கிழமை டிக்கெட் பதியப் போவதாகச் சொன்னேன். நீங்கள் வாதாடவில்லை. மேசையில் கிடந்த பேப்பரை இழுத்து, வானிலைப் பக்கத்தில் விரலை வைத்தீர்கள். தினமும் நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். மழைக்காக என்று நினைத்திருந்தேன்.

"இன்னைக்கு அஞ்சு பன்னெண்டுக்குச் சூரியன் மறையுது. போன வாரம் அஞ்சு பதினொண்ணு. சாயங்காலம் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு பாருங்க."

"காலமை இன்னும் இருட்டாத்தானே கிடக்கு."

"காலைல வெளிச்சம் வர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். சாயங்காலம்தான் முதல்ல திரும்பும்." பிறகு, ஏதோ சின்ன விஷயம்போல, "சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. கார்த்திகை தீபம் வைக்கிறேன்" என்றீர்கள்.

"ஆனி மாசத்திலையோ? சுவாமி சிரிக்கப் போறார்."

"சிரிக்கட்டும். இங்க இருட்டு ஆனியிலதான் வருது. விளக்கை வேற எப்ப வைக்கிறது?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. நாள் நட்சத்திரம் இல்லாமல் விளக்கீடு கொண்டாடுவதாவது. கடைசியாக ஒருதரம் மரியாதைக்குப் போய்வருவோம் என்றுதான் சான்ட்ரிங்ஹாமிலிருந்த உங்கள் வீட்டுக்கு வந்தேன். மழை விட்டு ஈரக்காற்று அடித்தது. அகல் அணைந்துகொண்டே இருந்ததால் காலி ஜாம் போத்தல்களுக்குள் வைத்தீர்கள். கார்த்திகையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிய என் மகள், இரண்டு கையாலும் ஒவ்வொரு போத்தலாக ஏந்திக்கொண்டு போய்த் தபால்பெட்டி வரைக்கும் வரிசையாக வைத்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு நாம் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். சுடர் தெரிந்தது. அவள் முகமும் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னீர்கள், என் பக்கம் திரும்பாமலே. "தினம் எதுக்குப் பேப்பர் பாக்குறேன்னு நினைக்கிறீங்க, உங்களுக்காகவா? ஸ்டோர்ல துண்டு எண்ணிட்டு வரேன்னு போவேன்ல. கதவைச் சாத்திட்டு அழுதுட்டு வருவேன். வெளியில காட்டிக்க முடியல. அவரே வேன் ஓட்டிட்டு வந்து பேசாம உக்காந்திருக்காரு." பக்கத்துப் போத்தலில் சாய்ந்த திரியை நிமிர்த்தி வைத்தீர்கள். "போகாதீங்க. நீங்க போயிட்டா எனக்கு இங்க யாருமே இல்ல."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தலையில் இருப்பது போதாதென்று உங்கள் பாரத்தையும் தூக்கி வைக்கிறீர்களே என்று நினைத்தேன். உடனே எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களைப்போல் எப்போதும் சிரிக்கிற ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் மெல்ல உறைத்தது. நான் ஒருத்திதான் இருட்டில் நடக்கிறேன் என்று அத்தனை மாதம் நினைத்திருந்தேன். எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டிக்கெட் பதியப் போகவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று உங்களிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னேன். "அது போதும்" என்றீர்கள். ஆடி வந்தது, பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியது. மூன்றாம் தடவை விண்ணப்பித்தோம். அடுத்த மாசியில் என் கணவர் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் பகல் மிகக் குறுகிய நாளில் உங்கள் வீட்டுப் படியில் விளக்கு வைத்தோம். இருட்டுக்கு நாம் பெரிய அர்த்தம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அது வரும்போது சேர்ந்து உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்த கடைசி மாலை. கடிகாரத்தைத் திருப்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "வெளிய இருட்டிடுச்சா?" என்று கேட்டீர்கள். "இல்லை, இன்னும் வெளிச்சம் கிடக்கு" என்றேன். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வேலைப் பழக்கத்தில் உங்கள் விரிப்பின் ஓரத்தை இழுத்து மடித்துச் செருகினேன். "களைச்சுப்போய்க் கிடக்கிறியள், படுங்கோ. நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியுமுன் போய்விட்டீர்கள்.

போன வாரம் எங்கள் வீட்டுப் படியில் மகள்தான் ஆனி விளக்கு வைத்தாள். எனக்கு எழும்ப மனமில்லை. வேலை முடிந்து வந்த உடுப்போடு நாற்காலியில் கிடந்தேன். இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் உடம்பு வளைவதில்லை. மாலை திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று தெரியும், பேப்பர் பார்க்காமலே தெரியும். ஆனால் அந்த ஆஸ்பத்திரி மாலைதான் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எனக்கு வேண்டியிருந்த நேரத்தில் நீங்கள் வெட்கத்தை விட்டு, போகாதீங்க, எனக்கு யாருமில்லை என்று சொன்னீர்கள். எனக்கும் நீங்கள் அப்படித்தான் என்று உங்கள் முறை வந்தபோது நான் சொல்லவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் நீங்கள் நின்றிருக்க முடியாது, தெரியும். அதைக் கேட்டுக்கொண்டாவது போயிருப்பீர்கள்.