திருப்பிக் கொடுத்த எண்

தெசலோனிக்கி,
மார்ச் 3

அன்புள்ள ஸ்பாஸ்,

இங்கு நலம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுது.

நான் கைபேசித் திட்டம் எடுத்த கதையைக் கேள். கடைக்குப் போகும் முன்பே மூன்று திட்டங்களையும் கட்டம் போட்டு ஒப்பிட்டு வைத்திருந்தேன். முதலாவதில் உள்நாட்டு அழைப்பு மட்டும். இரண்டாவதில் பல்கேரியாவுக்கும் பேசலாம். மூன்றாவதில் இணையம் ஏராளம், எனக்கு எதற்கு? இரண்டாவதுதான் என்று முடிவு செய்துகொண்டு போனேன். ரோசிட்சா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். கடைப்பெண் தாளில் இருந்த பூமிப்பந்துப் படத்தைத் தொட்டு, 'வெளிநாடு?' என்று புருவத்தை உயர்த்தினாள். நான் நம் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். நம் பல்கேரிய 'ஆமாம்' இந்தக் கிரேக்கர்களுக்கு 'வேண்டாம்' என்பது அப்போது நினைவில் இல்லை. அவள் அந்த வரியின்மேல் கோடு போட்டாள். தேர்வு செய்ததற்கு அடையாளம் என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாதாம். "அப்பா, என் போன்ல பேசிக்கோங்க, என்ன இப்போ?" என்கிறாள் ரோசிட்சா. மகளிடம் அடிக்கடி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே கடிதம்.

புதிய எண் கீழே இருக்கிறது. பழைய வீட்டு எண்ணை விடினிலிருந்து கிளம்பிய அன்றே தொலைபேசி அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்து, எழுத்தில் சான்றும் வாங்கிவிட்டேன். அதில் கூப்பிடாதே.

ஸ்டெஃப்கா என்னைத் தனியாக விட்டுப் போய்ச் சேர்ந்து இம்மாதம் 25ஆம் தேதியோடு ஓராண்டு. நம் ஊர் வழக்கப்படி வீட்டு வாசற்கதவில் அவள் படத்தோடு புது நினைவு அறிவிப்பு ஒட்ட வேண்டும். வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. எந்தப் படம் என்று யோசித்து எழுதுகிறேன்.

உன்,
லியூபென்


விடின்,
மார்ச் 28

டேய் லியூபென்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் எனக்குச் சொல்லிவிடுகிறது.

எழுபத்து நாலு வயதில் உனக்குக் கிண்டல் வந்துவிட்டதே. பழைய எண்ணைக் கொடுத்துவிட்டாயாம், அதில் கூப்பிடக் கூடாதாம். அப்படியானால் மூன்று ஞாயிறாக மாலை ஐந்து மணிக்கு என்னோடு பேசுவது யார், உன் பூனையா? புது எண்ணை என் விரல் பழகாது. பழையதே இரண்டாவது மணியில் எடுக்கிறாய், போதும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊர் மாறியதும் நீ நல்லவனாகிவிட்டாய். முன்பெல்லாம் நான் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னால் நடுவிலேயே திருத்துவாய். இப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறாய்.

அறிவிப்பை ஒட்டியாயிற்று. நீ போனில் சொன்ன படம்தான். இரண்டாவது இழுப்பறையில் தையல் பெட்டிக்கு அடியில் இருந்தது. கட்டம் போட்ட கழுத்துத்துணியோடு ஸ்டெஃப்கா சிரிக்கிறாள். பக்கத்து வீட்டு மின்கா பார்த்து அழுதுவிட்டாள்.

ஸ்பாஸ்


தெசலோனிக்கி,
ஏப்ரல் 9

அன்புள்ள ஸ்பாஸ்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதற்றத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன்னோடு பேசியது நான் இல்லை. முதலில் என்னையே சந்தேகித்தேன். இந்த வயதில் மறதி வரலாம் அல்லவா? நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று ஞாயிறும் ஐந்து மணிக்கு ரோசிட்சாவோடு கடலோரம் நடந்திருக்கிறேன். அவளிடமும் கேட்டேன். "ஆமாப்பா, என் கூடத்தானே இருந்தீங்க. ஏன், என்ன ஆச்சு?" என்றாள்.

பிறகு பழைய எண்ணைக் கொடுத்த அலுவலகத்துக்கு ரோசிட்சாவை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அந்த எண் யாருக்கும் தரப்படவில்லை, ஆறு மாதம் அப்படியே கிடக்கும், அழைத்தால் மணிகூட அடிக்காது என்று பதில் வந்தது.

போன ஞாயிறு ஐந்து மணிக்கு ரோசிட்சாவின் போனிலிருந்து உன் வீட்டுக்கு அழைத்தேன். 'பிஸி' ஒலிதான் வந்தது; நீ வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய்.

அந்தப் படத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், எழுத மனம் வராமல் நாள் தள்ளிப்போய்விட்டது; உனக்கு எழுதும் முன் உன் கடிதம் வந்துவிட்டது.

தயவுசெய்து அவனிடம் எதையும் சொல்லாதே.

லியூபென்


விடின்,
ஏப்ரல் 24

லியூபென்,

உன் கடிதத்தை உனக்கே போனில் படித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். "அவன் எப்பவும் அப்படித்தான் ஸ்பாஸ், பயந்தாங்கொள்ளி. விட்டுத் தள்ளு," என்றாய். அதே இருமல், அதே செருமல். என்னைப் பைத்தியமாக்காதே. கடிதம் எழுதுகிறவனைவிடப் போனில் பேசுகிறவன் எவ்வளவோ மேல்.

அன்றைக்குப் போனில் உன்னிடம் சொன்னதை ஒருமுறை எழுதியும் வைத்துவிடுகிறேன். அப்போதுதான் முழுமையாகும். 1983இல், உன் அண்ணன் எல்லை தாண்டி வியன்னாவுக்கு ஓடிப்போகப் போவது உனக்கு முன்பே தெரியும் என்று, நாம் வேலை பார்த்த குடிநீர் ஆய்வகத்துக்கு வந்த ரகசியப் போலீசிடம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். என்னை மிரட்டினார்கள், எழுதினேன். உன்னைப் பதினோரு வருடம் மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்துக்குத் தூக்கியடித்தார்கள். இந்த நாற்பது வருடத்தில் எத்தனை முறை உன்னோடு ஒரே மேசையில் ரக்கியா குடித்திருப்பேன், வாய் திறக்கவில்லை.

போனில் நீ ஒருமுறை செருமினாய். பிறகு, "போகட்டும் ஸ்பாஸ். எனக்குத் தெரியும். மன்னிச்சுட்டேன்," என்றாய்.

அன்று இரவு மாத்திரை இல்லாமல் தூங்கினேன். ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதாக டாக்டரும் சொல்கிறார். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் ஸ்பாஸ்


(அனுப்பவில்லை. கோப்பில் வைத்தது.)

தெசலோனிக்கி,
மே 11

ஸ்பாஸ்,

எனக்குத் தெரியாது. உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது.

அந்தப் பதினோரு வருடமும் சனிக்கிழமைதோறும் ஸ்டெஃப்கா பேருந்தில் மலையேறி வந்தாள். ரோசிட்சா நடக்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. யார் எழுதிக் கொடுத்தது என்று நான் சந்தேகப்பட்டவர்களின் பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. உன் பெயர் இல்லை.

நேற்று ரோசிட்சாவின் போனில் என் பழைய எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"லியூபென் பேசறேன். சொல்லுங்க, காதுல விழுது."

நாற்பது வருடமாக நான் சொல்லிவரும் வார்த்தைகள். பின்னால் எங்கள் சமையலறைக் கடிகாரம் ஓடுவது கேட்டது. அதைக் கிளம்பும்போது நானே நிறுத்திவிட்டு வந்தேன்.

"யார் பேசறது?" என்றான்.

என் பெயர் வாயில் வரவில்லை. அது அவனிடம் இருந்தது. "ஸ்பாஸ்," என்றேன்.

"அதான் மன்னிச்சுட்டேனே ஸ்பாஸ். இன்னும் எத்தனை தடவை கேப்ப?"

அந்தக் குரலில் துளிக்கூடக் கசப்பில்லை. போனை வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அதே வார்த்தைகளை உனக்கு எழுத முயன்றுகொண்டிருந்தேன். நான்கு தாள் கிழித்தேன். என்னால் முடியவில்லை. முடியாது.


தெசலோனிக்கி,
ஜூன் 4

அன்புள்ள ஸ்பாஸ்,

உன் முழங்காலும் ரத்த அழுத்தமும் இப்படியே சீராக இருக்கட்டும்.

நீ சொன்னதுதான் சரி. என் மறதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பழைய எண்ணிலேயே கூப்பிடு. அங்கே உன்னிடம் சொன்னது சொன்னதுதான். யாரும் திரும்பப் பெறமாட்டார்கள். ஞாயிறு ஐந்து மணியைத் தவறவிடாதே.

இனி நான் எழுதப்போவதில்லை.

மூன்று மாதம் முடிந்ததால் இன்று காலை அந்தக் கடைக்குப் போனேன். அதே பெண். பூமிப்பந்தைத் தொட்டு, அதே போலப் புருவத்தை உயர்த்தினாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். அவள் அந்த வரியின்மேல் கோடு போட்டாள். இந்த முறை அவள் என்னைச் சரியாகவே புரிந்துகொண்டாள்.

இப்படிக்கு,
கடிதம் எழுதுகிறவன்