வடிகால் வாயில் அறுபது சிப்பிகள்

மென்சல் ஜமீல்
காயல்கரை, ஏப்ரல் 4

டாக்டர் ரவ்தாவுக்கு,

நீ எனக்கு அநியாயம் செய்திருக்கிறாய். ஆராய்ச்சிக்கு என்று கேட்டு நான் சிப்பி வளர்க்கும் கயிறுகளிலிருந்து கருஞ்சிப்பிகள் வாங்கிப்போனாய். ஒவ்வொன்றையும் நானே பொறுக்கித் தந்தேன். இன்று படகில் போகும்போது பார்க்கிறேன், அவற்றில் அறுபது, சாய ஆலையின் வடிகால் வாயில் வலைக்கூண்டில் தொங்குகின்றன. முப்பத்தெட்டு வருடமாக இந்தக் காயலில் சிப்பி வளர்க்கிறேன். என் பொருளை எவரும் சாக்கடையில் கட்டியதில்லை.

என் வீட்டுக்காரி ஹலூமா சிரிக்கிறாள். "பொண்ணக் கட்டிக்குடுத்த மாதிரில்ல பொலம்புறீங்க. சிப்பிங்க அது."

நான் அதிகம் படிக்காதவன்தான். முறை எது என்று தெரியும்.

ஷாத்லி

பிசெர்த்
கடல் ஆய்வகம், ஏப்ரல் 9

அன்புள்ள ஷாத்லி பெரியப்பாவுக்கு,

கேட்காமல் அங்கே கட்டியது என் தவறு. ஆனால் நல்ல நீரில் வளர்ந்த சிப்பியைத்தான் அழுக்கில் கட்டவேண்டும். அது ஓடிப்போகாது, வருவதையெல்லாம் வடிகட்டிக் குடிக்கும். கழிவிலுள்ள உலோகங்கள் அதன் உயிரணுக்களில், உப்புக்காற்றில் இரும்புக்கு வருவதுபோல, ஒருவகைத் துருவை உண்டாக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். சிப்பி தன்னிடமுள்ள மருந்தைச் சுரந்து எதிர்த்து நிற்கும். எவ்வளவு போராடியது என்று அதன் செவுளில் அளக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூண்டு உங்கள் கயிற்றிலேயே இருக்கிறது. மூன்று வாரம் யாரும் தொடக்கூடாது, நானும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கு என் சலாம்.

ரவ்தா

பிசெர்த்
மே 10

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. வடிகால் சிப்பிகளில் துருவின் தடயமே இல்லை. உங்கள் கயிற்றில் இருந்தவற்றைவிட அவை திடமாக இருக்கின்றன. விதிப்படி ஆலைக்கும் நகல் போயிற்று. மேலாளர் அதை வாசலில் ஒட்டிவிட்டு, "எங்க தண்ணிய குடிச்சா சிப்பிக்கே தெம்பு வருது பாருங்க" என்கிறாராம். வியாழக்கிழமை ஊர்மன்றக் கூட்டம். உங்கள் கயிறுகளை ஒட்டி இரண்டாவது கழிவுக்குழாய் இறக்க அனுமதி கேட்கிறார்கள்.

பெரியப்பா, அந்தக் கூண்டை யாராவது தொட்டார்களா?

ரவ்தா

மென்சல் ஜமீல்
மே 12

மகள் ரவ்தாவுக்கு,

என் சிப்பி சாக்கடைச் சிப்பிக்குக் கீழே என்று எழுதிவிட்டாய். அதை ஆலை வாசலில் படித்த என் வாடிக்கைக்காரன் முந்தர், சந்தையில் எல்லோர் முன்னாலும், "பெரியவரே, ரெண்டு கிலோ போடுங்க. சாக்கடைச் சரக்கு இருந்தா அதையே குடுங்க" என்றான்.

கூண்டைத் தொட்டது நான். உன் பதில் வருமுன்பே அவிழ்த்து, கடல்நீர் உள்ளே ஏறும் வாய்க்காலருகே கட்டினேன். என் கயிறுகளைவிட அங்கே இரை அதிகம். உன் கடிதத்தைப் படித்தபின்னாவது திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. நீ எடுக்க வந்த அன்று விடியற்காலையில் வடிகாலில் மாட்டிவைத்தேன், நீ வெறுங்கையோடு போகக்கூடாதே என்று. முதலில் கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திராது. அதில் நான் மாறமாட்டேன். ஆனால் உன் தாளில் இருக்கும் பொய் என்னுடையது.

இனி நடக்கவேண்டியவை:

வியாழக்கிழமை மன்றத்தில் எழுந்து நடந்ததைச் சொல்லவேண்டியது நான். பக்கத்தில் உட்காரவேண்டியது நீ. எனக்காகப் பரிந்து பேசக்கூடாது.

வாசல் தாளை மேலாளர் கிழிக்கவேண்டும். மறுத்தால் ஹலூமா கிழிப்பாள். கேட்குமுன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

முந்தர் ஒரு வாரம் சிரிக்கலாம். அதற்குமேல் கூடாது.

புதுக் கூண்டு நீ பின்னவேண்டும். இன்னும் அறுபது நான் பொறுக்கி, என் கையாலேயே வடிகாலில் கட்டுவேன். பிறகு மூன்று வாரம் படகுச் சாவி ஹலூமாவிடம் இருக்கும்.

சிப்பிகள் அந்தத் தண்ணீரைக் குடித்தாகவேண்டும். அதை அவற்றிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஷாத்லி