பால் பிடிக்காத கதிர்

ஏப்ரல் 2
வெயில். மு.ப. 9க்கே சட்டை நனைந்துவிட்டது. மடவளைக்கு இரண்டு பஸ். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் காவல் நின்ற சிப்பாய் அடையாள அட்டையை இரண்டு தடவை பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். போதாதா? பையில் என்ன என்றான். மாதிரி நெல் என்றேன். விரலை விட்டுத் துழாவினான்.

ஹமீது நானாவின் வயல். அரை ஏக்கர். எங்கள் விவசாயக் கந்தோர் கொடுத்த புது விதை, பரீட்சார்த்தமாக. கதிரெல்லாம் விறைத்து நிற்கிறது. பிதுக்கிப் பார்த்தேன். பால் பிடிக்கவே இல்லை. பத்துக் கதிர், பத்தும் பதர்.

நானா: "சேர், இது எப்பதான் தல சாயும்?"

"பொறுங்கோ நானா, பாப்பம்." பொய்தான்.

ஏப்ரல் 3
காரணம் தெரியும். ஐப்பசி மழை மார்கழியில் வந்தது. இது மூன்றாவது வருஷம். மழை வரட்டும், பிறகு விதையுங்கோ என்று ஊருக்குச் சொன்னவன் நான்தான். பிந்தி விதைத்த நெல் மார்ச் அனலில் பூத்தது. நெற்பூ காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும். அந்நேரம் கொதித்தால் மணி கட்டாது. வாய்க்காலும் காய்ந்துபோனது.

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், முத்திரை. மனைவிக்குக் கடிதம். வயல் கதையை எழுத வேண்டாம்.

ஏப்ரல் 5
வத்தேகம பஸ். பின்னால் இரண்டு பேர், சிங்களத்தில். "மடவளையில ஒரு தமிழன் விதை குடுத்தானாம். வேணுமென்றே மலட்டு விதை. இப்ப நம்ம சோத்திலயும் கைவைக்கிறாங்க."

இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி நடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 6
நானா என் அறைக்கே வந்தார். இருங்கோ என்று கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஊருல ஒரு கத ஈக்கி சேர். நான் நம்பல்ல. ஆனா கொஞ்ச நாளக்கி வயல் பக்கம் வராதீங்க."

"வெயில்தான் நானா காரணம். மற்ற வயலுகளையும் பாருங்கோ."

"பக்கத்துல முதியான்சேட வயல், தூரத்தால பாக்க நல்லாத்தானே ஈக்கி. அது பழைய வெத."

முதியான்சே சிங்களவர். ஒருமுறை எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். மகன் இராணுவத்தில், காயப்பட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரியில். ஒரு மாதமாக மனிதர் அங்கேதான். அவரும் என் சொற்படி அதே வாரம்தான் விதைத்தார்.

அவர் வயலும் பதரென்றால் பழி என் விதைமேல் இல்லை. நான் தப்பிவிடுவேன். பிள்ளையார் படத்துக்கு முன் நின்று அதையே கேட்டேன். முதியான்சே வீட்டில் ஐந்து பிள்ளைகள். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டேன்.

ஏப்ரல் 8
நானா சொல்லியும் கேட்காமல் விடிந்ததும் போனேன். யாரும் இல்லை. முதியான்சேயின் வயலில் இறங்கினேன். ஒரு கதிர், வெறும் உமி. அடுத்ததும். நடுவயலுக்குப் போய்ப் பிதுக்கினேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன். சிரிப்பும் வந்துவிட்டது. நாலு நாள் பயம் ஒரேயடியாக இறங்கியது.

நிமிர்ந்தால் வயல் வரம்பில் முதியான்சே. நேற்றிரவுதான் ஊர் திரும்பினாராம். என் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"இதுவும் பதரோ என்று வயலில் இறங்கப் பயந்துகொண்டு நின்றேன் மாத்தயா," என்றார் சிங்களத்தில். "நீங்கள் சிரித்ததும்தான் உயிர் வந்தது."