சந்தனம் பட்ட டேப்

18 அக்டோபர் 1988, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். திண்டிவனத்திலிருந்து எங்கள் பஸ் கம்பெனி வண்டியிலேயே விழுப்புரம் ஆபீஸ். டிரைவர் சேகர் அண்ணன். ஜன்னல் கதவு இறங்கவில்லை, இடது தோள் முழுக்க ஈரம். கூட்டேரிப்பட்டில் பூக்கூடைகள் ஏறின. நாளை ஆயுத பூஜை. பஸ் முழுக்கச் சாமந்தி வாசனை.

இன்று:
தீபாவளி டியூட்டி சார்ட்
பிரிண்டர் ரிப்பன் (மூன்றாம் முறை கேட்கிறேன்)
டேப்பில் நகல்
அம்மாவுக்கு இருமல் மருந்து

சார்ட் முடிந்தது. முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிரைவர் கண்டக்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யாருக்குத் தீபாவளி லீவு, யாருக்கு எந்த லைன் என்று சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அவர்கள் போட்ட சத்தத்தில் எனக்குத் தலைவலி. அச்சடிக்க முடியவில்லை. ரிப்பன் வரவில்லை. கம்ப்யூட்டரில் உள்ளதை டேப்பில் நகல் எடுத்து அலமாரியில் வைத்தேன். இருப்பது ஒரே டேப். இன்னொன்று கேட்டதற்கு முதலாளி, "ஒரு பொண்டாட்டிக்கு ஒரு தாலி போதாதா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல் ஏதோ செய்தேன்.

இந்த மாதத்தோடு ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்வாரா என்று இன்னும் ஒரு வார்த்தை இல்லை. கேட்க வாய் வரவில்லை.

மருந்து மறந்துவிட்டேன்.

19, புதன்

ஆயுத பூஜை. ஷெட்டில் எல்லா பஸ்ஸுக்கும் வாழைக்கன்று, கலர் பேப்பர். என்னைப் பேப்பர் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். பொரி கொடுக்கும்போது கணக்கர் ராமலிங்கம் ஐயா மற்றவர்களுக்குக் கையில் வைத்தார், எனக்கு மட்டும் சற்று மேலே இருந்து போட்டார். பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பூசணிக்காய் உடைத்த பிறகு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேன். இருட்டு. மிஷினின் விசிறிச் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாத ரூமை நான் பார்த்ததே இல்லை. திரையில் மூன்று விரல் சந்தனம், நடுவே குங்குமம். பிரிண்டருக்கு மாலை. சுவரில் மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. அதற்கும் ஒரு பொட்டு.

ராமலிங்கம் ஐயா பின்னால் வந்து நின்றார். "நான்தாம்மா அமுத்தினேன். ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் சாமி முன்னாடி படுத்துக்கினு இருக்குது. இது மட்டும் ஓடிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? இதுவும் ஆயுதந்தானே. ஒரு நாள் ஓய்வு எடுக்கட்டும்."

இது யூனிக்ஸ் மிஷின். நிறுத்துவதற்கு முன் சிங்க் என்று அடிக்க வேண்டும். நினைவில் வைத்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிடு என்று பொருள். எழுதி முடிக்காமல் கரண்டைப் பிடுங்கினால் பாதி வாக்கியத்தில் வாயைப் பொத்துவதுபோல. இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். "சரிங்க ஐயா" என்றேன்.

டேப் பூஜைத் தட்டில் இருந்தது. அதற்கும் சந்தனம் தெளித்திருந்தார்கள். மூடியின் சந்து வழியாக உள்ளே போயிருக்கிறது. துடைக்கத் துடைக்கக் குங்குமம் பரவியது.

நாளைக் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாதாம். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அப்பா, "என்னா, பொரி ஒத்துக்கலியா" என்றார்.

20, வியாழன்

மழை. சுவிட்ச் போட்டேன். விசிறி சுற்றியது, வரிகள் ஓடின, நின்றன. டிஸ்க் சரியில்லை, சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

டேப்பைப் போட்டுப் பார்த்தேன். இரும்பில் சுண்ணாம்பு தேய்க்கிற சத்தம். உடனே எடுத்துவிட்டேன். நகல் போனது போனதுதான்.

முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். வராந்தாவில் இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா?"

சொன்னேன். யார் சுவிட்சை அணைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், தெரியவில்லை.

"திங்கக்கிழமை சார்ட் சுவத்துல ஒட்டணும். இல்லைன்னா தீபாவளிக்கு ஒரு வண்டிகூட நகராது. முடியலைன்னா சொல்லிடு. பழைய கரும்பலகை பின்னாடிதான் கெடக்குது. அதுல எழுத பி.எஸ்சி. தேவையில்ல."

மெட்ராஸுக்கு டிரங்க் கால். மிஷினைக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் பிரபாகர் சார். லைனில் ஒரே இரைச்சல். வர முடியாது, அடுத்த வியாழன்தான் என்றார். "ரூட்டா உள்ள போங்க. எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுங்க. டிஸ்க்கைத் துழாவிட்டு ஒவ்வொண்ணா கேள்வி கேக்கும். சரின்னா ஒய், வேணாம்னா 'என்' எழுத்து அடிக்கணும். கண்ணை மூடிக்கினு ஒய் அடிக்காதீங்க. என்ன கேக்குதுன்னு படிங்க." கட்.

ரூட் என்பது மிஷினில் எல்லா அதிகாரமும் உள்ள பெயர். அதன் பாஸ்வேர்ட் முதலாளி வாங்கிய முதல் பஸ்ஸின் நம்பர். ஆபீசில் டீ கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் அதில் நுழைய எனக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை. இன்றும் வரவில்லை. கையேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் படித்தேன். விக்கிரவாண்டி தாண்டியதே தெரியவில்லை.

21, வெள்ளி

உள்ளே போனேன். ரூட்.

கேள்விகள். இந்த ஃபைல் இருக்கிறது, ஆனால் எந்த டைரக்டரியிலும் பெயர் இல்லை, சேர்க்கவா? ஒய். இன்னொன்று. ஒய். இன்னொன்று. பெயர் தொலைந்தவை எல்லாம் ஒரு தனி டைரக்டரிக்குப் போய்ச் சேர்கின்றன, பெயருக்குப் பதில் நம்பரோடு. மழைக்கு ஒதுங்கினவர்கள்போல.

பிறகு வேறு மாதிரிக் கேள்வி. டிஸ்க்கில் ஒரே இடத்தை இரண்டு ஃபைல்கள் தம்முடையது என்கின்றன. ஒன்றை அழித்தால்தான் மற்றது பிழைக்கும். திரையில் சொந்தக்காரர் பெயர், அளவு, கடைசியாகத் தொட்ட நாள். ஒன்று ராமலிங்கம் ஐயாவுடையது, பெரியது. உதிரிப் பாகங்கள் இருப்பு. வைகாசியிலிருந்து ஒற்றை விரலால் அடித்துச் சேர்த்தது. மற்றது என் பெயரில். செவ்வாய்க்கிழமை தேதி. சார்ட்.

கை விசைப்பலகையில். எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப உட்கார்ந்தேன். திரும்ப எழுந்தேன்.

அவர்தானே சுவிட்சை அணைத்தார், அவருடையது போகட்டும் என்று ஒரு நினைப்பு. பொரி விழுந்த உயரமும் நினைப்பில் வந்தது. அது நிஜம். எழுதி வைக்கிறேன்.

ஆனால் ஸ்டோரில் எத்தனை பிரேக் ஷூ என்று பிரேக் ஷூவைக் கேட்க முடியாது. சார்ட்டில் இருப்பவர்கள் மனிதர்கள். அவரவர் டியூட்டி அவரவருக்குத் தெரியும். கேட்கலாம்.

நான் போய்க் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில். ஆண்களிடம்.

என்னுடையதை அழித்தேன்.

மதியத்துக்குள் மிஷின் எழுந்துவிட்டது. நம்பர் போட்ட ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பார்த்து, பெயர் வைத்தேன். டயர். டீசல். புரட்டாசிச் சம்பளம். ஒன்றில் வெறும் "அஅஅஅஅ" போல ஒரே எழுத்து வரிவரியாக. நான் சேர்ந்த அன்று விசையை அழுத்திப் பார்த்தது. அதையும் அழிக்கவில்லை.

ராமலிங்கம் ஐயா எட்டிப் பார்த்தார். "என் ஸ்டோர் கணக்கு இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க ஐயா."

"பாத்தியா. ஓய்வு குடுத்தா ஒண்ணும் ஆவாது."

22, சனி

விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட். காலை முழுக்க. சேறு. துப்பட்டாவை இழுத்து இழுத்துத் தோளில் தடம்.

"இன்னா கம்ப்யூட்டரம்மா, உன் மிஷினுக்கு மறதியா? வல்லாரை அரைச்சு ஊத்து."

"நான் ஞாபகம் வெச்சிருக்கிறதுக்கு எனக்கு இன்னா தருவீங்க?"

என்னென்னவோ. காது சூடாகிறது. பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

கேட்டவர்கள் எல்லாருக்கும் தீபாவளி லீவாம். ஒருவர் பாக்கியில்லை. முதலாளி அப்படித்தான் சொன்னாராம், சாமி சத்தியமாம். அப்படியானால் அன்று பஸ்ஸைப் பூசாரிதான் ஓட்ட வேண்டும்.

முதலாளியைக் கேட்டேன். "எனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இருந்தா மிஷின் எதுக்கு?"

பேப்பரில் பாதி இடம் காலி. மீதி பொய். திரும்பும் வண்டியில் அழுகை வந்தது. மயிலம் மலை பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கேப்பைக் களி கிண்டியிருந்தாள். இறங்கவில்லை. அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை இறக்குகிற இடத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் எத்தனை மூட்டை தூக்கினான் என்று தகராறாம். "தூக்கினவனைக் கேட்டா கூட்டிச் சொல்லுவான். பக்கத்துல தூக்கினவனைக் கேட்டா சரியாச் சொல்லுவான். வவுத்தெரிச்சல்ல கொறைச்சும் சொல்லமாட்டான், எண்ணிக்கினே இருந்திருப்பான்."

களியைச் சாப்பிட்டு முடித்தேன்.

23, ஞாயிறு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட், பிறகு விழுப்புரம். யாரிடமும் அவருடைய டியூட்டியைக் கேட்கவில்லை. அடுத்தவருடையதைக் கேட்டேன்.

"அண்ணே, மீசை கண்டக்டருக்குத் தீபாவளி அன்னிக்கு எந்த லைன் போட்டாங்க?"

"அவனுக்கா? செஞ்சி லைன். அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல நின்னு அரை மணி நேரம் பொலம்பிக்கினு இருந்தானே."

மீசை கண்டக்டரிடம் இவரைப் பற்றி. அவர் இவரைப் பற்றி அதைவிட விவரமாக. கொட்டுகிறார்கள். எழுதக் கை போதவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஒரு பெயருக்கு இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் டிக். இல்லையென்றால் மூன்றாமவர்.

சிக்கல் சேகர் அண்ணனுடையது. மற்ற எல்லாரும், அவருக்கு லீவு இல்லை, விடியற்காலைத் திண்டிவனம் வண்டி என்றார்கள். அவரோ லீவு என்று நேற்றுச் சொல்லியிருந்தார். நான் தினமும் போகிற வண்டிக்காரர். ஓடி வருகிறேன் என்றால் அரை நிமிஷம் நிறுத்துகிறவர்.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். "அண்ணே, உங்களுக்கு டியூட்டி இருக்குதுங்க."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்."

கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பொண்ணைக் கட்டிக் குடுத்து மொதல் தீபாவளி, தங்கச்சி. மருமவன் வருது. கம்ப்யூட்டர்ல இருந்தது போயிட்டுதுன்னாங்க. சரி, போனது போனதுதானேன்னு சொல்லிப் பாத்தேன்."

நான் லீவு என்று அடித்தால் முதலாளிக்குத் தெரியாது. என் பெயரில் உள்ள ஃபைல். ரூட் வேறு கையில்.

"உங்க டியூட்டியை நான் அழிக்க முடியாதுங்கண்ணே. யாராவது மாத்திக்க ஒத்துக்கினா, முதலாளிகிட்ட நான் சொல்றேன்."

"நீயா? முதலாளிகிட்டயா?" என்று சிரித்தார். நியாயமான சிரிப்பு.

24, திங்கள்

வெயில். முதலாளியிடம் சொன்னேன். முழு வாக்கியமாக. விழுப்புரம் சர்ச் பக்கத்திலிருந்து வரும் டிரைவர் அந்தோணி, தனக்குக் கிறிஸ்துமஸ் லீவு தந்தால் தீபாவளிக்கு ஓட்டுகிறேன் என்கிறார், சேகர் அண்ணனுக்குப் பதில் போடலாமா என்று. முதலாளி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அந்தோணி உங்கிட்ட சொன்னானா?"

"நான் போய்க் கேட்டேனுங்க."

பல் குத்துவதை நிறுத்தினார். "போடு."

ரிப்பன் வந்தது. அச்சடித்தேன். சார்ட் சுவரில். ஒரே கூட்டம், ஒரே சத்தம். "எவன்டா என்னைப் போட்டுக் குடுத்தது?" மீசை கண்டக்டர் எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லாரும் சார்ட்டைப் பார்த்தார்கள். கரும்பலகை இன்னும் பின்னால்தான் கிடக்கிறது. கோழி ஏறி நிற்கிறது.

அம்மாவின் மருந்து வாங்கிவிட்டேன்.

27, வியாழன்

பிரபாகர் சார் வந்தார். இரண்டு புது டேப். ஒன்று ஆபீசில், ஒன்று தினமும் என்னோடு திண்டிவனம் போக வேண்டும் என்று அவர் சொல்லி, முதலாளி தாலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். பிரபாகர் சார் டிஸ்க்கை முழுக்கப் பார்த்தார். "ஒரே இடம் கேட்ட ரெண்டு ஃபைல்ல எதை அழிச்சீங்க?"

"என்னோடதை."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். பிறகு, "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்ட வெச்சுக்கினு குடும்பம் நடத்தறீங்க. மாத்துங்க" என்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதலாளி, "நான் பாக்கலாமில்ல?" என்றார். "நீங்களும் திரும்புங்க சார். எழுதி ஒட்டின கவர்ல உங்க பீரோவுக்கு வரும்."

திரும்பினார். முதலாளியின் முதுகை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சட்டையில் இஸ்திரி மடிப்பு.

அடித்தேன். மறுபடி கேட்டது. மறுபடி அடித்தேன்.

முதலாளி போகும்போது வாசலில் நின்று, "ராமலிங்கம், இந்த ரூமுக்கு இன்னொரு சாவி போட்டு இந்தப் பொண்ணுகிட்ட குடு. அடுத்த மாசத்துலருந்து ரிஜிஸ்டர்ல பேர் ஏத்து" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ராமலிங்கம் ஐயா சாவி கொண்டு வந்தார். கையை நீட்டினேன். தாழ்த்தாமல், அப்படியே. கொஞ்சம் யோசித்தார். கையில் வைத்தார்.

"ஏம்மா, பழைய நம்பர் போட்டா உள்ள போவ மாட்டேங்குதே. புதுசு இன்னா?"

"சொல்லக்கூடாதுங்க ஐயா."

டேப் சாப்பாட்டுக் கூடையில், துணி சுற்றி. சேகர் அண்ணன் வண்டி. வீட்டில் அம்மா டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கட்டுமா என்றாள். என் டிரங்க் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பாஸ்வேர்ட் மறந்துவிடுமோ என்று இந்த டைரியில் எழுத வந்தேன். எழுதவில்லை.